மதிய ஸ்லாட்டுக்குப் போங்க: சென்னை டான்ஸை நாலு பேருக்குக் காட்டுறது எப்படி

நான் சென்னைல ஒரு சின்ன இன்ஸ்டா பேஜ் நடத்துறேன், நம்ம ஊர் டான்ஸ் கிளாஸ், டான்ஸ் குழு, மேடை நிகழ்ச்சி, இது மட்டும்தான். ஃபாலோயர்ஸ்லாம் பெருசா கிடையாது. ஆனா வாரத்துக்கு ஒருத்தராச்சும் "அக்கா, எங்க ஏரியாலயும் இப்படி ஒன்னு பண்ணணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது"ன்னு மெசேஜ் பண்றாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டு தொண்டை கட்டிப்போச்சு, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல எல்லாரும் பண்ற தப்பு ஒன்னு இருக்கு, நானும் பண்ணேன். பெரிய பேரு ஆடுற சாயங்காலம் ஏழு மணி நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிட்டுப் போய் பத்து போட்டோ எடுத்துப் போடுறது. அவங்களுக்கு பேப்பர் இருக்கு, டிவி இருக்கு, நம்ம போட்டோ இல்லன்னு யாரும் அழப்போறதில்ல. நீங்க போக வேண்டியது மதியம் நடக்குற ஸ்லாட்டுக்கு. டிசம்பர் சீசன்ல (கச்சேரியும் டான்ஸும் ஊர் முழுக்க நடக்குற மாசம்) பல சபால, அதாவது இந்த நிகழ்ச்சிகளை நடத்துற சங்கங்கள்ல, மதிய நிகழ்ச்சிக்கு டிக்கெட்டே கிடையாது, சும்மா உள்ள போய் உக்காரலாம். ஆடுற பொண்ணு காலைல நாலு மணிக்கு எழுந்து தலை பின்னி ஜடை நாகம் வெச்சுத் தெச்சு ரெடியாகியிருக்கும். கீழ பார்த்தா இருபது பேரு. அதுல பதினாலு பேரு சொந்தக்காரங்க, ரெண்டு பேரு கேண்டீன் திறக்குற வரைக்கும் ஏசில உக்காந்திருக்கவங்க. மிச்சம் இருக்கறதுல ஒரு ஆளா நீங்க இருந்தீங்கன்னா அதுவே பாதி வேலை முடிஞ்சுது.

எப்போ எங்க நடக்குதுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டமே இல்ல, கொஞ்சம் காது குடுத்தா போதும். டிசம்பர் கடைசில தி.நகர் கிருஷ்ண கான சபால காலைல நாட்டிய கலா மாநாடு நடக்கும், 1981லேர்ந்து நடக்குது, ஆட்டத்தோட சேத்து பேச்சு, டெமோ எல்லாம் இருக்கும், புதுசா பார்க்க ஆரம்பிக்கிறவங்க இதுக்குப் போனா ஒரே வாரத்துல நிறைய புரிஞ்சிடும். ஜனவரி முதல் வாரத்துல மியூசிக் அகாடமி டான்ஸ் ஃபெஸ்டிவல். திருவான்மியூர் கலாக்ஷேத்ரால கூத்தம்பலம்னு ஒரு அரங்கம் இருக்கு, கேரளா கோயில் கூத்தம்பலம் மாதிரி கட்டினது, அங்க என்ன ஆடினாலும் ஒரு தடவையாச்சும் போய் உக்காந்துட்டு வாங்க. மகாசிவராத்திரிக்கு சிதம்பரம் நாட்டியாஞ்சலி, அதுவும் 1981ல ஆரம்பிச்சதுதான். நவராத்திரி ஒன்பது நாளும் உங்க தெரு முனை கோயில் மண்டபத்துலயே ஏதாவது ஒரு கிளாஸ் பசங்க ஆடிட்டு இருப்பாங்க, நோட்டீஸ் கோயில் வாசல்ல ஒட்டியிருக்கும். ஜூன், ஜூலைல வெளிநாட்டுப் பசங்க லீவுக்கு வந்து அரங்கேற்றம் பண்ற சீசன், அது வேற லெவல், சாப்பாடும் உண்டு (அழைப்பு இருந்தா மட்டும் போங்க, நான் ஒரு தடவை தெரியாம போய் மாப்பிள்ளை வீட்டு ஆளு மாதிரி முழிச்சேன்).

பார்க்கத் தெரியாதேன்னு பயப்படாதீங்க. பரதநாட்டியக் கச்சேரிக்கு மார்க்கம்னு ஒரு வரிசை இருக்கு, அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானான்னு. இந்த வரிசையை இப்படி அமைச்சுக் குடுத்தது தஞ்சை நால்வர், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலுன்னு நாலு அண்ணன் தம்பிங்க, 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல தஞ்சாவூர் சரபோஜி ராஜா சபைல இருந்தவங்க. இதுல வர்ணம்தான் பிரியாணி. அரை மணி நேரத்துக்கு மேல போகும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவாங்க, ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு வேற ஒரு கதை சொல்லும், நடுநடுவுல ஜதி, அதாவது தாளச் சொல்லுக்கு மட்டும் ஆடுறது, வரும். போட்டோ எடுக்குறேன்னு வர்ணத்துல போனைத் தூக்கிட்டே இருந்தீங்கன்னா ஒன்னும் பார்த்திருக்க மாட்டீங்க. வர்ணத்துல போன் பைக்குள்ள, இது நான் எனக்கே போட்டுக்கிட்ட ரூல்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மதிய நிகழ்ச்சி, எந்த சபான்னு வேணாம். ஆர்கெஸ்ட்ரா வெக்க காசு இல்ல, பாட்டு பென் டிரைவ்ல. வர்ணம் பாதில பாட்டு நின்னுபோச்சு. சவுண்டு பாக்குற அண்ணன் டீ குடிக்கப் போயிட்டாரு. பொண்ணு அரைமண்டில (முட்டியை ரெண்டு பக்கமும் மடக்கிப் பாதி உக்கார்ற நிலை) அப்படியே நிக்குது, தொடை நடுங்குறது முதல் வரிசைலேர்ந்து தெரியுது. அப்போ அவங்க டீச்சர் எழுந்திரிக்கக்கூட இல்ல, நாற்காலிக் கைப்பிடில மோதிர விரலால தட்டி, வாயால சொல்லுக்கட்டு, அதான் அந்தத் தாளச் சொல்லுங்களை, சொல்ல ஆரம்பிச்சாங்க, அந்தப் பொண்ணு பிடிச்சுக்கிட்டு ஆட ஆரம்பிச்சுது, பின்னாடி உக்காந்திருந்த ஒரு பெரியவர் தொடைல தாளம் போட்டாரு, அப்புறம் எல்லாருமே போட்டோம். ததிங்கிணதோம்னு தீர்மானம் (ஜதியை முடிக்கிற பகுதி) முடியுறப்போ கரெக்டா பாட்டு திரும்ப வந்துச்சு, யாருக்கும் அது வேண்டியிருக்கல. நான் அன்னிக்கு போட்டோ எடுக்கவே இல்ல. வீட்டுக்கு வந்து அந்த நாற்காலித் தட்டலைப் பத்தி எட்டு வரி எழுதிப் போட்டேன், என் பேஜ்ல அதிகமா ஷேர் ஆனது இன்னிக்கு வரைக்கும் அதுதான்.

சரி, போட்டோ. எடுக்கத்தான் வேணும், அதுக்கு முதல்ல கேட்கணும். ஆடுறவங்களையும் கேளுங்க, அரங்கத்துக்காரங்களையும் கேளுங்க, ரெண்டும் வேற வேற. பல இடத்துல வீடியோ எடுக்க விடமாட்டாங்க, அவங்க சொன்னா சொன்னதுதான். ஃபிளாஷ் கண்டிப்பா கூடாது, ஒத்தைக் கால்ல நிக்கிற ஆள் கண்ணுல பளிச்சுன்னு அடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. கேமரா சத்தத்தையும் ஆஃப் பண்ணிடுங்க. அப்புறம் காலை வெட்டாதீங்க! இதை எத்தனை தடவை சொன்னாலும் பத்தாது. முகமும் கையும் அழகா வந்திருக்கும், முட்டிக்குக் கீழ ஃபிரேமே இருக்காது, பரதநாட்டியத்துல பாதி வேலை அங்கதானே நடக்குது, அந்தப் பொண்ணு பத்து வருஷம் வலியோட உக்காந்து பழகின அரைமண்டியை நீங்க ஒரே கிராப்ல தூக்கிட்டீங்க. எப்போ அமுக்குறதுன்னா, தீர்மானம் முடியுற கடைசி தட்டுக்கு ஒரு நொடி முன்னாடி. ஜதியைக் காதுல கேட்டுட்டே இருந்தா எங்க முடியப்போகுதுன்னு தானா தெரிய ஆரம்பிச்சிடும். பின்னாடி நகைக்கடை பேனரும் காபித்தூள் பேனரும் தொங்கும், அதுக்கு ஒரே வழி கொஞ்சம் ஓரமா போய் கீழ உக்காந்து எடுக்குறது, கறுப்புத் திரை மட்டும் வர்ற மாதிரி.

இப்போ எழுதுறது. இங்கதான் நான் கொஞ்சம் கறார். போஸ்ட்ல ஆடினவங்க பேரு மட்டும் போட்டா அது பாதி போஸ்ட். நட்டுவாங்கம் (தாளம் தட்டி, ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துறது) யாரு, பாட்டு யாரு, மிருதங்கம் யாரு, வயலினோ புல்லாங்குழலோ யாரு, லைட் போட்டது யாரு, மேக்கப் போட்டது யாரு, எல்லாப் பேரும் வரணும், சரியான எழுத்துல வரணும். நிகழ்ச்சி முடிஞ்சதும் எல்லாரும் டான்ஸரைச் சுத்தி நின்னு செல்ஃபி எடுப்பாங்க, நீங்க நேரா மேடை ஓரத்துக்குப் போங்க, ஜால்ரா மாதிரி இருக்குற தாளத்தைத் துணில சுத்தி வெச்சிட்டு இருக்கவங்கதான் நட்டுவாங்கம், ஒன்னு இரும்பு, ஒன்னு வெண்கலம், அந்த ஜோடிதான் ரெண்டு மணி நேரம் மொத்தத்தையும் இழுத்துட்டுப் போனது. "உங்க பேரு எப்படிங்க எழுதணும்"னு கேட்டீங்கன்னா அவங்க முகம் மாறுறதைப் பாருங்க. வர்ணம் என்ன ராகம், யாரு எழுதினதுன்னும் அங்கயே கேட்டுக்கலாம்.

இதுல நான் ஏன் இவ்ளோ பிடிவாதம்னா, இந்த ஆட்டத்தைக் காப்பாத்திக் குடுத்ததே நட்டுவனார் (நட்டுவாங்கம் பண்ணி ஆட்டம் சொல்லிக்குடுத்தவங்க) குடும்பங்களும் தேவதாசிப் பெண்களும்தான். 1930கள்ல இது சபா மேடைக்கு வந்து பரதநாட்டியம்னு பேரு மாறி, 1947ல பொட்டுக்கட்டுற, அதாவது பெண்களைக் கோயிலுக்கு தேவதாசியா விடுற, வழக்கத்துக்குத் தடைச் சட்டமும் வந்து, நடுவுல எத்தனை பேரோட பேரு எந்த நோட்டீஸ்லயும் இல்லாம போச்சுன்னு யாருக்கும் கணக்கு கிடையாது. அந்தப் பரம்பரைல வந்த பாலசரஸ்வதிக்கு 1973ல மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி குடுத்தாங்க, சங்கீதக்காரங்களுக்குன்னே இருந்த பட்டம் ஒரு ஆட்டக்காரருக்குப் போனது அப்போதான். ஆட்டம் வேற பாட்டு வேறன்னு நினைக்கிறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

கிராமியக் கலைன்னு வந்துட்டா இன்னும் மோசம். பொங்கலுக்கு சென்னை சங்கமம் நடக்குதுல்ல, 2007ல ஆரம்பிச்சு நடுவுல நின்னு போயி 2023ல அரசாங்கம் திரும்ப ஆரம்பிச்சது, பார்க்லயும் மைதானத்துலயும் பறையாட்டம், கரகம், ஒயிலாட்டம், தேவராட்டம்னு பிச்சு உதறுவாங்க, டிக்கெட்டும் கிடையாது. மறுநாள் எல்லா இடத்துலயும் என்ன வரும்? "நாட்டுப்புறக் கலைஞர்கள் அசத்தல்". எந்தக் குழு, எந்த ஊரு, முன்னாடி நின்னு அடிச்ச அந்த அண்ணன் பேரு என்ன, ஒன்னும் இருக்காது. பரதநாட்டியம்னா பேரு போட்டு குரு பேரு போட்டு எழுதுறோம், பறைன்னா மட்டும் எல்லாரும் ஒரே "குழுவினர்" ஆயிடுறாங்க. ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பறையைக் காய்ச்ச ஓரமா தீ மூட்டிட்டு நிப்பாங்க பாருங்க, அதான் நேரம், போய்ப் பேசுங்க. குழுத்தலைவர் நம்பரை அவர்கிட்ட கேட்டுட்டு போஸ்ட்ல போடலாமான்னும் கேட்டுக்குங்க, நான் போட்ட ஒரு போஸ்டைப் பார்த்து ஒரு காலேஜ்லேர்ந்து கல்ச்சுரல்ஸுக்குக் கூப்பிட்டாங்க, அந்த அண்ணன் எனக்கு ஒரு கிலோ முறுக்கு அனுப்பினாரு.

டான்ஸ் கிளாஸைப் பத்தி எழுதணும்னா போன்ல பேட்டி எடுக்காதீங்க, ஒரு மணி நேரம் போய் மூலைல உக்காருங்க. சுவர்ல எத்தனை ஷீல்டு இருக்குன்னு எண்ண வேணாம். தரையைப் பாருங்க. பல கிளாஸ் மொட்டை மாடிலயும் அபார்ட்மென்ட் பார்க்கிங்லயும் நடக்குது, தப்பில்ல, நம்ம ஊர் வாடகைக்கு வேற என்ன பண்ணுவாங்க, ஆனா வெறும் சிமென்ட்ல அஞ்சு வயசுப் பிள்ளைங்க மணிக்கணக்கா தட்டடவு (காலைத் தரைல தட்டிப் பழகுற முதல் அடவு) தட்டினா முட்டி என்னத்துக்கு ஆகும். டீச்சர் நடுவுல நிறுத்தி உக்கார வெக்கிறாங்களா, தப்பு பண்ற பிள்ளைகிட்ட என்ன குரல்ல பேசுறாங்க, அரங்கேற்றம் எப்போன்னு அம்மாங்க கேக்குறப்போ "இன்னும் நாள் ஆகும்"னு சொல்ற தைரியம் இருக்கா, இதெல்லாம் எழுதினீங்கன்னா படிக்கிற அப்பா அம்மாவுக்கு நிஜமா உபயோகம். சின்னப் பிள்ளைங்க போட்டோன்னா பெத்தவங்ககிட்ட கேட்காம போடவே கூடாது. கேட்டுட்டுப் போட்டாலும் பிள்ளையோட முழுப் பேரு, ஸ்கூலு, கிளாஸ் முடியுற டைம் எதுவும் வேண்டாம்.

அண்ணா நகர், வேளச்சேரி பக்கம் ஹிப் ஹாப், சினிமா டான்ஸ், சல்சா ஸ்டூடியோவும் நிறைய இருக்கு, அவங்களை விட்டுடாதீங்க. சபா ஆளுங்களுக்கு அவங்களைக் கண்டா இளக்காரம், அவங்களுக்கு சபான்னா தூக்கம். அங்க போனா கண்ணாடி பார்த்து எட்டு எண்ணி ஆடுறாங்க, பரதநாட்டிய கிளாஸ்ல பெரும்பாலும் கண்ணாடியே இருக்காது, டீச்சர் கண்ணுதான் கண்ணாடி, இதை மட்டும் வெச்சே ஒரு நல்ல போஸ்ட் எழுதலாம். புது மாதிரி ஆட்டம் பிடிச்சா பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் பக்கம் ஸ்பேசஸ்னு ஒரு இடம், பரதநாட்டியத்தைப் புது மாதிரி அமைச்ச சந்திரலேகா இருந்த இடம், அங்க என்ன நடக்குதுன்னு கவனிச்சுட்டே இருங்க.

காசு விஷயமும் சொல்லிடறேன். மேடை கிடைக்க ஆடுற பொண்ணே பணம் கட்டுற கதை இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி கட்டினா, ஆர்கெஸ்ட்ராவுக்கும் அவளே, கார்ல மிருதங்கம் வந்த வாடகையும் அவளே, திரும்ப வந்தது ஒரு சால்வையும் ஒரு வெள்ளைப் பூ மாலையும். அதனால டிக்கெட் நிகழ்ச்சின்னா டிக்கெட் வாங்கிட்டுப் போங்க, "நான் பேஜ் வெச்சிருக்கேன், பாஸ் குடுங்க"ன்னு கேக்காதீங்க. போஸ்ட் போட காசும் வாங்காதீங்க, வாங்கினா அதை அதுலயே எழுதிடுங்க. பிடிக்கலன்னா? பெரியவங்க ஆட்டம் சுமாரா இருந்தா எழுதுங்க, தாங்குவாங்க. பதினேழு வயசுப் பொண்ணு தாளம் தப்பினா எழுதாதீங்க, அவங்க டீச்சர் அதை வீட்டுக்குப் போறதுக்குள்ள சொல்லியிருப்பாங்க.

"எனர்ஜெட்டிக்", "மெய்மறந்தோம்", "கண்கொள்ளாக் காட்சி", இந்த மூனையும் நான் எழுதுறதே இல்ல. அதுக்குப் பதிலா ஒரே ஒரு அசைவை எழுதுவேன். கண்ணனுக்கு வெண்ணெய் குடுக்குறப்போ அந்தப் பொண்ணு விரலை முந்தானைல துடைச்சுக்கிட்டா, அது சொல்லிக்குடுத்ததா தானா வந்ததான்னு தெரியல, இப்படி. படிக்கிறவங்க அடுத்த தடவை அந்த விரலைப் பார்க்க வருவாங்க.

கடைசியா உக்கார்ற இடம். ஆர்கெஸ்ட்ரா பெரும்பாலும் நமக்கு இடது பக்கம் இருக்கும், அதனால இடது பக்கம் மூனாவது வரிசை, ஓர சீட்டு. நட்டுவாங்கம் பண்றவங்க கையும் தெரியும், ஆடுறவங்க காலும் தெரியும், ஸ்பீக்கர் காதைக் கிழிக்காது. இடைவேளைல கேண்டீனுக்கு ஓடுறதுக்கும் ஈஸி, ஆனா அடை அவியல் நாலு மணிக்கு மேலதான், அதுக்குள்ள போனா காபி மட்டும்தான் கிடைக்கும்.