ஹானர் கோட் விசாரணை: உதவி தேடும்போது கேடட்கள் செய்யும் தவறுகள்

கேடட், அதாவது ராணுவ அகாடமியில் பயிலும் மாணவர், பொய் சொல்லக் கூடாது, ஏமாற்றக் கூடாது, திருடக் கூடாது. அப்படிச் செய்பவரைப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியின் ஹானர் கோட் என்ற நேர்மை விதி இவ்வளவுதான். புகாருக்கு ஆளான கேடட்கள் கலக்கத்தில் இதன் கடைசிப் பகுதியை மறந்துவிடுகிறார்கள். பெரும் சேதம் அங்கேதான் தொடங்குகிறது.

குற்றச்சாட்டு வந்த அன்று இரவே அறைத்தோழனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். தவறு நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அந்தத் தோழன்மீதும் புகார் வரும். ஆக, ஆறுதல் சொல்ல வந்தவன் சாட்சியாகிறான், அல்லது இன்னொரு குற்றம்சாட்டப்பட்டவனாகிறான். இந்த விதியைக் கவனிக்கும் கேடட் குழுவான ஹானர் கமிட்டியில் இருக்கும் சீனியரிடம் 'சும்மா ஒரு யோசனை' கேட்பதும் இதே கதைதான். மனம் விட்டுப் பேச வேண்டுமா? வழக்கறிஞரிடம் பேசுங்கள், சேப்ளினிடம் (ராணுவ மதகுருவிடம்) பேசுங்கள். அங்கே சொல்வதை ரகசியமாகக் காக்கச் சட்டமே இடம் தருகிறது. குற்றம்சாட்டப்பட்டவர்களுக்குச் சட்ட உதவி தரும் ராணுவப் பிரிவான டிரையல் டிஃபென்ஸ் சர்வீஸின் வழக்கறிஞர்களுக்குக் கட்டணமும் கிடையாது.

அடுத்தது, அவசரமாக எழுதிக் கொடுப்பது. ஒரு லேப் ரிப்போர்ட்டில் நண்பனின் வரைபடத்தைச் சேர்த்துவிட்டு, அவன் பெயரைப் போட மறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் "ஏமாற்றிவிட்டேன், மன்னியுங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், மறதி ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். வெஸ்ட் பாயின்ட்டில் செயல் மட்டும் போதாது, ஏமாற்றும் எண்ணமும் இருந்ததா என்று பார்ப்பார்கள். அந்த எண்ணத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ராணுவச் சட்டத்தின் 31ஆவது பிரிவு தரும் மௌன உரிமை கேடட்டுக்கும் உண்டு. உதவி கேட்பதோ வாய் திறக்காமல் இருப்பதோ நேர்மைக் குறைவு ஆகாது. ஆனால் பேசினால் உண்மையை மட்டுமே பேச வேண்டும். முதல் புகாரிலிருந்து தப்பிக்கச் சொல்லும் பொய் தனிப் புகாராக வரும், அதிலிருந்து மீள்வது இன்னும் கடினம்.

விசாரணை அறையில் வழக்கறிஞர் எழுந்து வாதாடுவார் என்று நம்பியிருப்பதும் தவறு. அங்கே கேடட்தான் பேச வேண்டும். சாட்சிகள் யார், எந்த வரைவு எந்தத் தேதியில் சேமிக்கப்பட்டது, என்ன கேள்வி வரும் என்று முன்கூட்டியே தயார் செய்து தருவதுதான் வழக்கறிஞரின் பெரிய உதவி. ஆகவே கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். பெற்றோர் அரசியல்வாதிகளுக்கு போன் போடுவதில் பலனை எதிர்பார்க்க முடியாது.

'எப்படியும் வெளியே அனுப்பிவிடுவார்கள்' என்று ராஜினாமா செய்வதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். 1976இல் வீட்டுக்கு எடுத்துச் சென்று எழுதும் மின்பொறியியல் தேர்வில் காப்பியடித்த விவகாரத்தில் 150க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். பின்னர் பலர் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். குற்றம் உறுதியானாலே வெளியேற்றம் என்ற பழைய நடைமுறையும் அதன்பின் மாறி, முடிவு அகாடமியின் தலைவரான சூப்பரின்டென்டன்ட் கையில் வந்தது. மூன்றாம் ஆண்டு தொடங்கிய பிறகு விலகினால் சாதாரணச் சிப்பாயாகப் பணியாற்றவோ படிப்புச் செலவைத் திருப்பிக் கட்டவோ சொல்லலாம். சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை வழக்கறிஞரோடு உட்கார்ந்து படிக்காமல் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.