பீரியட்ஸ் தொல்லைக்கு எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

பீரியட்ஸ் தொல்லை என்று வீட்டில் சொன்னால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "எல்லாருக்கும் அப்படித்தான், கல்யாணமானா சரியாயிடும்" என்பதுதான். கல்யாணத்துக்கு அப்புறம் கேட்டால் "குழந்தை பிறந்தா சரியாயிடும்", நாற்பதைத் தாண்டிக் கேட்டால் "நிக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்". இப்படியே தள்ளிப்போட்டு, மாடிப்படி ஏற மூச்சு வாங்கும் அளவுக்கு ரத்தம் குறைந்த பிறகுதான் பல பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். எது சாதாரணம், எது இல்லை என்பதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ள முடியும், அதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

முதல் வேலை, காலண்டரில் குறிப்பது. ஆரம்பித்த தேதி, நின்ற தேதி, ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாற்றினீர்கள் (துணி வைப்பவர்கள் எத்தனை முறை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்), மூன்று மாதம் இதை எழுதினாலே போதும். ஒரு பீரியட்ஸின் முதல் நாளிலிருந்து அடுத்ததின் முதல் நாள் வரை எண்ணினால் 21 முதல் 35 நாள் வரை வருவது பெரியவர்களுக்குச் சாதாரணம். வயசுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருஷம் இது முன்னே பின்னே இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் பீரியட்ஸே மூன்று மாதம் வராமல் இருந்தால், அல்லது 15 வயது முடிந்தும் பெண் பெரியவளாகவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ரத்தப்போக்கு அதிகமா என்பதற்கு வருவோம். ஏழெட்டு நாளுக்கு மேல் நீள்வது, பேட் மாற்றவே ராத்திரி எழுந்திருப்பது, பத்து ரூபாய்க் காசைவிடப் பெரிய கட்டிகள் விழுவது, கறைபடும் என்ற பயத்தில் வேலைக்கோ கல்யாணம் காட்சிக்கோ போகாமல் இருப்பது, இதில் ஒன்று மாதாமாதம் நடந்தாலே அது அதிகம்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுசாக நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும் சரி, அதிகப் போக்கோடு தலைசுற்றலும் படபடப்பும் இருந்தாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். இன்னொன்று, பச்சரிசி, திருநீறு, பல்பம் இதெல்லாம் தின்ன வேண்டும் என்று தோன்றுகிறதா? வீட்டில் அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டுவார்கள், உண்மையில் பல நேரம் அது உடம்பில் இரும்புச்சத்து இல்லை என்பதற்கான அடையாளம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாத்திரை சாப்பிட்டால் மட்டும் போதாது, ரத்தம் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

காரணம் தைராய்டாக இருக்கலாம், பிசிஓஎஸ் என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு, ஃபைப்ராய்டு என்கிற நார்க்கட்டி, கர்ப்பப்பைச் சுவர் தடித்துப்போவது என்று நிறைய இருக்கிறது. ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். "குழந்தை பெத்தாச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று எடுத்த எடுப்பில் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். போக்கைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் (காப்பர்-டி மாதிரி ஒரு சின்னக் கருவி) இருக்கிறது, கட்டியை மட்டும் எடுக்கும் வழியும் இருக்கிறது. புற்றுநோய் மாதிரியான காரணம் இல்லாதபோது அவசரம் எதுவும் இல்லை, ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரைக் கேளுங்கள். சினைப்பையையும் சேர்த்து எடுப்பார்களா, ஏன் என்றும் கேளுங்கள்.

தள்ளிப்போடவே கூடாத இரண்டு உண்டு. பீரியட்ஸ் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும், பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளமும் அதுதான். அதேபோல உடலுறவுக்குப் பின் ரத்தம் வந்தால் கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்க வேண்டும். தொந்தரவே இல்லாவிட்டாலும் 30 வயதைத் தாண்டியவர்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகச் செய்கிறார்கள், சில நிமிஷ வேலை.

வெள்ளைப்படுதலைப் பற்றித்தான் வீண் பயம் அதிகம். எலும்பு உருகுவதும் இல்லை, எல்லாவற்றுக்கும் உடம்புச் சூடு காரணமும் இல்லை. மாத நடுவில் முட்டையின் வெள்ளைக் கரு மாதிரி வழுவழுவென்று வருவது இயற்கை. தயிர்த் திப்பி மாதிரி வந்து அரித்தால் பூஞ்சைத் தொற்று, அது திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். மீன் வாடை, பச்சை மஞ்சள் நிறம், கூடவே அடிவயிற்று வலியும் காய்ச்சலும் என்றால் டாக்டர்தான். வாசனை சோப்பு போட்டு உள்ளே கழுவாதீர்கள், இன்னும் மோசமாகும்.

வலியில் ஒன்றை மட்டும் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நாள் தள்ளிப்போயிருக்கிறது, ஒரு பக்கமாகக் கடுமையாக வலிக்கிறது, மயக்கம் வருகிறது அல்லது தோள்பட்டை வலிக்கிறது என்றால் கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். 108க்குக் கூப்பிடுங்கள், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. மெடிக்கலில் கலைப்பு மாத்திரை வாங்கித் தானாகப் போடக் கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம், குழாயில் இருக்கும் கருவை அந்த மாத்திரை கலைக்காது. திருவிழாவுக்காக நாள் தள்ளிப்போடும் மாத்திரையையும் கேட்காமல் போடாதீர்கள், ரத்தம் உறையும் பிரச்சினை உள்ளவர்களுக்கு அது ஆபத்தில் முடியலாம்.

டாக்டரிடம் போகும்போது காலண்டர் குறிப்பு, பழைய ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கல்யாணமாகாத பெண்களை அழைத்துப்போகத் தயங்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: அவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றின் மேலேயே ஸ்கேன் எடுப்பார்கள், நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் போதும். உள்பரிசோதனை வேண்டும் என்றால் ஏன் என்று கேட்கலாம், பெண் நர்ஸ் கூட இருக்கச் சொல்லலாம், மறுக்கவும் செய்யலாம்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீ, காபியோடு போடாதீர்கள், எலுமிச்சைச் சாற்றோடு போடலாம். மலம் கருப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் மூன்று மாதம் போல மாத்திரை தொடர வேண்டியிருக்கும், எப்போது நிறுத்துவது என்று டாக்டரையே கேளுங்கள்.