இரவல் ஸ்கிரிப்டும் இன்ன பிற வினைகளும்

புதிதாகச் சேர்பவர்களின் நிரலைச் சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. அவற்றில் பாதி என் தலைமுறையும் ஒரு காலத்தில் செய்தவைதான் என்பதால், கோபப்பட எனக்கு முழு உரிமை கிடையாது. ஆனால் இப்போது ஒரு பெரிய சேவை முடங்கினாலோ, ஒரு ஸ்கிரிப்ட் களவாடப்பட்டாலோ, காரணத்தை வரிக்கு வரி விளக்கும் அறிக்கை சில நாட்களில் வந்துவிடுகிறது. எல்லோரும் படிக்கிறார்கள், தேநீர் வேளையில் அலசுகிறார்கள். தங்கள் தளத்தில் அதே ஓட்டை இருக்கிறதா என்று திறந்து பார்ப்பவர்தான் அரிது.

வலுவான கடவுச்சொல், இரட்டைச் சரிபார்ப்பு போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்ல ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

## இலவசத்தை நிரந்தரம் என்று எண்ணுவது

பல தளங்களின் புதிய பதிவுகளை (ஓடைகளை) ஒரே இடத்தில் வாசிக்கத் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. செயலிகளை இயக்க இடம் தரும் ஹெரோக்கு தன் இலவசத் திட்டங்களை 2022 நவம்பர் இறுதியில் நிறுத்தியது. பிற செயலிகள் தன்னோடு பேச உதவும் ஏபிஐ என்ற இணைப்பை இலவசமாகத் தந்துவந்த ட்விட்டர், 2023இல் அதைக் கட்டணச் சேவையாக்கியது. அதை நம்பி இயங்கிய சின்னச் சின்னக் கருவிகள் பல அத்தோடு நின்றுபோயின.

இலவசச் சேவையைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே தினமும் பயன்படுத்துகிறேன். சேரும்போதே வெளியேறும் கதவு எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரீடர் மூடப்பட்டபோது அதன் வாசகர்கள் பெரிதாகச் சேதப்படாததற்குக் காரணம், தங்கள் ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் என்ற பொது வடிவக் கோப்பாக இறக்கி வேறொரு செயலியில் ஏற்ற முடிந்ததுதான். உங்கள் தரவு எந்த வடிவத்தில் வெளியே வரும் என்று முதல் நாளே ஒருமுறை இறக்கிப் பாருங்கள். இறக்கிய கோப்பைத் திறந்தும் பாருங்கள். பாதித் தரவு விடுபட்ட கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

## இரவல் ஸ்கிரிப்ட்

என்னை இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான்.

பக்கத்தின் தலைப்பகுதியில் ஒற்றை வரி. வேறு யாருடைய சர்வரிலோ இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் முகவரி. எங்கோ ஒரு பயிற்சிக் குறிப்பில் பார்த்து, அப்படியே ஒட்டியது. அந்த வரிக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை ஒட்டுகிறவர் யோசிப்பதில்லை. நீங்கள் எழுதிய நிரல், அடுத்தவர் அனுப்பிய நிரல் என்று உலாவி பேதம் பார்ப்பதில்லை. உங்கள் பக்கத்தில் ஏறிய எந்த ஸ்கிரிப்டும் படிவத்தில் தட்டச்சு செய்யப்படுவதைப் படிக்கலாம், பக்கத்தையே மாற்றி எழுதலாம், பார்வையாளரை வேறு தளத்துக்குத் திருப்பிவிடலாம். இன்று நீங்கள் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட கோப்புதான் நாளையும் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வீட்டுச் சாவியின் நகலை ஒருவரிடம் கொடுக்கிறீர்கள். அவர் அதை யாருக்கு விற்றார் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

பாலிஃபில்.ஐஓ விஷயத்தில் நடந்தது ஏறக்குறைய அதேதான். பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளை நிரப்பித் தரும் சேவை அது. வருகிற உலாவி எது என்று பார்த்து, அதற்குத் தேவையான நிரலை மட்டும் அனுப்பும். 2024 பிப்ரவரியில் அந்த டொமைனும், நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் அதற்கிருந்த கணக்கும் ஃபன்னல் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. சேவையை உருவாக்கிய ஆண்ட்ரூ பெட்ஸ் உடனே பொதுவெளியில் எழுதினார்: இதைப் பயன்படுத்தும் தளங்கள் இப்போதே நீக்கிவிட வேண்டும், இன்றைய தளங்களுக்கு இது தேவையும் இல்லை. தளங்களின் கோப்புகளைப் பார்வையாளர்களுக்கு விநியோகிக்கும் நிறுவனங்களான கிளவுட்ஃபிளேரும் ஃபாஸ்ட்லியும் மாற்றுப் பிரதிகளை ஏற்பாடு செய்தன. இதைவிடத் தெளிவான எச்சரிக்கை இந்தத் துறையில் கிடைப்பது அபூர்வம்.

நான்கு மாதங்கள் போயின. ஜூனில் சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் விவரத்தை வெளியிட்டபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் அந்த வரி அப்படியே இருந்தது. கைப்பேசியில் வந்தவர்களைச் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிவிடும் நிரல் அதன் வழியாக அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த நிரலின் தந்திரத்தைக் கவனியுங்கள்: குறிப்பிட்ட சாதனங்களில், குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் விழித்துக்கொள்ளும்; பார்ப்பவர் தளத்தின் நிர்வாகி என்று தெரிந்தால் சும்மா இருந்துவிடும். ‘நான் பார்த்தேனே, நன்றாகத்தானே இருந்தது’ என்று தள உரிமையாளர்கள் சொன்னதில் வியப்பில்லை. கடைசியில் அந்த டொமைனைப் பதிவுசெய்து கொடுத்த பதிவு நிறுவனமே அதை முடக்கியது.

செய்தி வெளியான வாரத்தில் ஒரு தளம் என் மேசைக்கு வந்தது. அந்த வரி அதில் இருந்தது. யார் சேர்த்தது என்று கேட்டால், மாதிரி வார்ப்புருவிலேயே இருந்தது என்றார் இளைஞர். சரி, நீக்குங்கள் என்றேன். மறுநாள் பார்த்தால், அதை நீக்கிவிட்டு இன்னொருவர் சர்வரில் இருக்கும் அதே வேலையைச் செய்யும் கோப்பைச் சேர்த்திருந்தார். அந்தத் தளம் எந்தப் பழைய உலாவியையும் ஆதரிக்கவே இல்லை. வரியை அடியோடு எடுத்தோம். எந்தப் பக்கத்திலும் ஒரு புள்ளிகூட நகரவில்லை. தேவையே இல்லாத ஒன்றுக்காக அத்தனை மாதங்கள் கதவு திறந்து கிடந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய தலைவலி பிறகுதான் வந்தது. அந்த மாதங்களில் நம் பார்வையாளர்களின் உலாவியில் என்ன ஓடியது என்று வாடிக்கையாளர் கேட்டார். பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. கோப்பு அந்நியச் சர்வரிலிருந்து நேராகப் பார்வையாளருக்குப் போகிறது. நம் சர்வர் பதிவுகளில் அதன் தடமே இருக்காது. ‘எதுவும் நடக்கவில்லை’ என்றும் எழுத முடியவில்லை, ‘இதுதான் நடந்தது’ என்றும் எழுத முடியவில்லை. அந்தக் கடிதத்தை வரைய ஆன நேரத்தில் தளத்தையே புதிதாக எழுதியிருக்கலாம்.

இது புதிய கதையும் இல்லை. 2018 பிப்ரவரியில், பக்கங்களை வாய்விட்டு வாசித்துக் காட்டும் பிரௌஸ்அலவுட் என்ற சேவையின் ஸ்கிரிப்டை யாரோ மாற்றியதால், 4,000க்கும் மேற்பட்ட தளங்கள் பார்வையாளர்களின் கணினியில் அவர்களுக்குத் தெரியாமல் மின்பணம் தோண்ட (கிரிப்டோ மைனிங்) தொடங்கின. அவற்றில் ஒன்று பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகத்தின் தளம். தரவுப் பாதுகாப்பை மேற்பார்வையிடும் அலுவலகமே அதுதான்!

அப்போதே சொல்லப்பட்ட பரிகாரம், ஸ்கிரிப்ட் வரியில் ‘இன்டெக்ரிட்டி’ பண்பைச் சேர்ப்பது. கோப்பின் கைரேகையைப் போன்ற ஹாஷ் மதிப்பை அதில் எழுதிவிட்டால், வந்த கோப்பு ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உலாவி அதை ஓட்டாது. பலரும் இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இதற்கும் ஒரு வரம்பு உண்டு. பாலிஃபில் சேவை உலாவிக்கு உலாவி வேறு கோப்பை அனுப்பியது. அதற்கு நிலையான ஹாஷ் எழுதவே முடியாது. ஆளுக்கேற்ப மாறும் ஸ்கிரிப்டைப் பூட்ட வழியில்லை. ஆகவே அப்படிப்பட்ட சேவையை வெளியிலிருந்து எடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

நான் பின்பற்றும் வரிசை இது. முதலில், தேவையா என்று கேட்பது. பாதிக்கு மேல் அங்கேயே உதிர்ந்துவிடும். தேவையென்றால் கோப்பை இறக்கி நம் சர்வரிலேயே வைப்பது. அதுவும் முடியாது என்றால் மட்டும், பதிப்பு எண்ணோடு கூடிய முகவரியும் ஹாஷும். பொதுச் சர்வரிலிருந்து எடுத்தால் பல தளங்கள் ஒரே கோப்பைப் பகிர்ந்துகொள்ளும், வேகம் கூடும் என்று இன்னமும் சிலர் வாதிடுகிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஒருமுறை இறக்கிய கோப்புகளின் சேமிப்பை உலாவிகள் இப்போது தளத்துக்குத் தளம் பிரித்தே வைக்கின்றன. குரோம் 2020இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021இலும் அந்த முறைக்கு வந்துவிட்டன. வேறொரு தளத்துக்காக இறங்கிய கோப்பு உங்கள் தளத்துக்கு உதவாது.

பணம் செலுத்தும் பக்கம் மட்டும் விதிவிலக்கு. கட்டணச் சேவையின் ஸ்கிரிப்டைப் பெரும்பாலும் அவர்கள் சர்வரிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்படியானால் அந்தப் பக்கத்தில் வேறெந்த அந்நிய ஸ்கிரிப்டும் இருக்கக்கூடாது. அரட்டைப் பெட்டி, வருகைக் கணக்கு, விளம்பரத் தடம் எல்லாம் வெளியே. அட்டைப் பணத்துக்கான பிசிஐ விதிமுறையின் நான்காம் பதிப்பும், கட்டணப் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் பட்டியலிட்டு, அது ஏன் அங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கச் சொல்கிறது. 2025 மார்ச் 31 முதல் அது கட்டாயம்.

எழுத்துருக்களும் இந்தக் கணக்கில் சேரும். ஒரு தளம் கூகுள் எழுத்துருவை கூகுள் சர்வரிலிருந்தே எடுத்ததால் பார்வையாளரின் ஐபி முகவரி அவர் சம்மதமின்றிப் போனது என்று சொல்லி, 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் 100 யூரோ இழப்பீடு விதித்தது. கோப்பை நகலெடுத்து வைத்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

## ரகசியச் சாவியை நிரலுக்குள் எழுதுவது

சாவி உள்ள வரியை அழித்தால் போதாது, நிரலின் பழைய மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றில் அது இருக்கும். சாவியை ரத்துசெய்யுங்கள்.

## உரையாடல் கருவி சொன்ன பெயரை அப்படியே நிறுவுவது

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், உண்மையில் இல்லாத நிரல் தொகுப்புக்கும் பொருத்தமான பெயர் வைத்துச் சொல்லும். அந்தப் பெயரில் யாராவது விஷமி ஒரு தொகுப்பைப் பதிவேற்றி வைத்திருந்தால், நிறுவும் கட்டளை எந்தத் தடையுமின்றி வேலைசெய்யும். வேலைசெய்ததே தவறு என்று யாருக்குத் தோன்றும்? நிறுவும் முன் அதன் களஞ்சியத்தைத் திறந்து, எப்போது தொடங்கியது, யார் பராமரிக்கிறார்கள் என்று பாருங்கள்.

## ஒரு செய்திக்காகக் குடிபெயர்வது

பெரிய சேவை ஒன்று முடங்கியதும் ‘நாமும் வேறிடத்துக்கு மாறிவிடலாமா?’ என்று கேட்டு ஒருவராவது வருவார். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே மறைந்தது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை உள்வலையமைப்பை அறுத்துவிட, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்களும் தங்களை அடைவதற்கான வழிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. பழுதுபார்க்க வேண்டிய உள்கருவிகளும் அதே வலையமைப்பில் இருந்ததால் அவையும் செத்துப்போயின. உங்கள் எச்சரிக்கைச் செய்தி எந்த வழியாக வருகிறது? தளம் இருக்கும் அதே சர்வரிலிருந்தா? அதைச் சரிசெய்வது ஒரு மாலை வேலை. குடிபெயர்வதோ பல மாத வேலை.

2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. உடனே பாதுகாப்பு மென்பொருளை மாற்றச் சொல்லி ஒரே கூச்சல். கூச்சலிட்டவர்களில் எத்தனை பேர் தங்கள் புதிய பதிப்பை முதலில் சிறு பகுதியினருக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கிறார்கள்? நான் கேட்டவரை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் போகிறது.

## நிலைப் பக்கம் பச்சையாக இருப்பதை நம்புவது

2017 பிப்ரவரியில் அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3 சரிந்தபோது, சேவை ஓடுகிறதா என்று காட்டும் நிலைப் பலகையையே மாற்ற முடியவில்லை; பலகையும் எஸ்3யை நம்பித்தான் இருந்தது.

## மீட்டுப் பார்க்காத பேக்கப்

அது பேக்கப் ஆகாது. 2017 ஜனவரி 31 அன்று நிரல் சேமிப்புச் சேவையான கிட்லேப்பின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்பகத்தை அழித்தார். வழக்கமாக எடுக்கப்பட வேண்டிய பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ வந்துசேரவே இல்லை. சோதனைச் சர்வருக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. உங்கள் பேக்கப்பை ஒரு வெற்றுக் கணினியில் ஏற்றி, தளம் எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அந்த எண்ணைக் குழுவுக்குத் தெரியும் இடத்தில் எழுதி வையுங்கள். வாடிக்கையாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.