ரைஃபிள் சுடும்போது காதுக்கு என்ன போடலாம்? பெட்டியில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

ரைஃபிள் பழக வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஸ்கோப்பைப் பற்றி, அடுத்தது தோட்டாவைப் பற்றி. காதுக்கு என்ன போடுவது என்று கேட்டால், "ரேஞ்சுலயே ஏதாவது கொடுப்பாங்க" என்று முடித்துக்கொள்கிறார்கள். கொடுப்பார்கள்தான். ஆனால் அது பல தலைகளில் ஏறி இறங்கி, குஷன் இறுகிப்போன மஃப்பாக (ஹெட்ஃபோன் மாதிரி காதை மூடும் கவசம்) இருக்கும். சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள். எதை வாங்குவது, வாங்கியதை எப்படிச் சோதிப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

ஏன் வேண்டும் என்று நீட்டி முழக்கப் போவதில்லை. திடீர் வெடிச் சத்தத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச வரம்பு 140 டெசிபல். சின்னத் தோட்டா போடும் .22 ரைஃபிளே அதை ஒட்டி வந்துவிடும். பெரிய காலிபர் (குழல் விட்டம்) என்றால் 160-ஐத் தாண்டுவது சாதாரணம். சத்தம் கேட்டதும் நடுக்காதின் தசை தானாக இறுகிக் கொஞ்சம் காப்பாற்றும். ஆனால் அது இறுகுவதற்குள் வெடிச் சத்தம் உள்ளே போய் முடிந்திருக்கும். உள்காதின் மயிர்செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. இவ்வளவு போதும்.

படி 1: என்ன துப்பாக்கி, எந்த இடம்

10 மீட்டர் போட்டி ஏர் ரைஃபிள் மட்டும்தான் சுடுவீர்கள் என்றால் இந்தப் பதிவில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. ஒரு ஜோடி பிளக் (செவித்துளைக்குள் செருகும் அடைப்பான்) போதும், அதுவும் பக்கத்து லேன் சத்தம் கவனத்தைக் கலைக்காமல் இருக்கத்தான்.

.22, அதுவும் திறந்தவெளியில் என்றால், ஒழுங்காகப் பொருந்திய பிளக் அல்லது மஃப், ஏதாவது ஒன்று. சென்டர்ஃபயர் ரைஃபிள் (தோட்டாவின் அடிப்பகுதி நடுவில் அடித்து வெடிக்கவைக்கும், வலுவான வகை) என்றால் பிளக்கும் வேண்டும், அதற்கு மேல் மஃப்பும் வேண்டும். கூரை போட்ட இடமோ நான்கு சுவருக்குள் இருக்கும் ரேஞ்சோ என்றால் .22-க்கும் இரண்டும்தான், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

இன்னொன்று. உங்கள் துப்பாக்கியை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். பக்கத்தில் படுத்திருப்பவரின் ரைஃபிளில் மசில் பிரேக் இருந்தால், குழல் முனையில் முன்னே போக வேண்டிய வாயுவை அது பக்கவாட்டில் திருப்பிவிடும். அவருக்கு உதைப்பு குறையும், உங்களுக்குச் சத்தம் கூடும். வரிசையில் எது அதிகம் சத்தம் போடுகிறதோ, அதற்கு ஏற்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: பெட்டியில் இருக்கும் எண்

எவ்வளவு சத்தம் குறையும் என்று காட்ட, அமெரிக்கப் பொருட்களில் என்ஆர்ஆர் (NRR) என்றும், ஐரோப்பியப் பொருட்களில் எஸ்என்ஆர் (SNR) என்றும் ஒரு டெசிபல் எண் இருக்கும். இரண்டும் வெவ்வேறு கணக்கு. ஒரே பொருளுக்கு எஸ்என்ஆர் சற்றுப் பெரிதாக வருவது வழக்கம், அதனால் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம்.

என்ஆர்ஆர் 33 என்று போட்டிருந்தால் 33 டெசிபல் குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஆய்வகத்தில், கவனமாகப் பொருத்தி, தொடர் இரைச்சலில் எடுத்த அளவு. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நயோஷ் (NIOSH) ஒரு கழிவு சொல்லியிருக்கிறது: மஃப் என்றால் எண்ணில் 25 சதவீதம் கழியுங்கள், ஃபோம் பிளக் என்றால் 50, மற்ற பிளக்குகள் என்றால் 70. அப்படிப் பார்த்தால் 33 போட்ட ஃபோம் பிளக் கையில் தருவது சுமார் 16. 28 போட்ட மஃப் தருவது 21. கடுமையான கழிவுதான், ஆனால் அலட்சியமாகச் செருகிய பிளக் அந்த 16-ஐக்கூடத் தராது.

பிளக், மஃப் இரண்டையும் சேர்த்துப் போட்டால் எண்களைக் கூட்டக் கூடாது. இரண்டில் பெரிய எண்ணோடு 5 சேர்த்துக்கொள்வது நடைமுறைக் கணக்கு. ஐந்துதானே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு போட்டால் ஒன்று நழுவினாலும் இன்னொன்று காதைக் காக்கும்.

படி 3: ஃபோம் பிளக்

என் ஓட்டு மஞ்சளோ ஆரஞ்சோ நிறத்தில் வரும் சாதாரண ஃபோம் பிளக்குக்குத்தான். மூன்றடுக்கு சிலிக்கான் பிளக் கழுவிக் கழுவிப் போடலாம், சரி; ஆனால் எல்லாக் காதுக்கும் ஒரே மாதிரி உட்காராது. காது மருத்துவமனையில் அச்செடுத்துச் செய்து தரும் பிளக் அருமையானது, வாராவாரம் சுடுகிறவர்களுக்கு. பாட்டு கேட்கும் இயர்பட், நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன், பஞ்சு இவை எதுவும் இந்தக் கணக்கிலேயே வராது.

போடும் முறை:

தோட்டாவைத் தொடுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். தொட்டுவிட்டால் கை கழுவிவிட்டு வாருங்கள். விரலில் ஈயத் துகள் இருக்கும்; அதைப் பிளக்கில் உருட்டிக் காதுக்குள் திணிக்க வேண்டாம்.

இரு விரல்களுக்கு நடுவே மெதுவாக உருட்டி, மடிப்பே விழாமல் திரி மாதிரி மெல்லியதாக்குங்கள். அழுத்திப் பிசைந்தால் மடிப்பு விழும், அந்த மடிப்பு வழியாகவே சத்தம் போகும். இப்போது எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுங்கள். வலது காதென்றால் இடது கை. இழுத்தால் வளைந்திருக்கும் செவித்துளை நேராகும். உருட்டிய பிளக்கை உள்ளே விட்டு, விரல் நுனியால் அரை நிமிடம் பிடித்திருங்கள். பிடிக்காமல் விட்டால் விரியும்போது வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

சரியாகப் போயிருக்கிறதா? இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக்க மூடி, எடுத்துப் பாருங்கள். மூடும்போது சத்தம் நன்றாகக் குறைகிறது என்றால் பிளக் சரியாக உட்காரவில்லை. பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால் சரி. கண்ணாடியில் நேராகப் பார்க்கும்போது பிளக்கின் முனை காதிலிருந்து துருத்திக்கொண்டு தெரிந்தாலும் மறுபடி போடுங்கள். செவித்துளை குறுகலானவர்களுக்குச் சின்ன அளவு தனியாகக் கிடைக்கும். பெரியதைத் திணிப்பதைவிட அது நல்லது.

படி 4: மஃப்பும் ஸ்டாக்கும் (என்னை அதிகம் படுத்திய படி)

மஃப் வாங்கும்போது எல்லோரும் நின்றபடி, நேராகப் பார்த்து, தலையில் மாட்டிப் பார்க்கிறோம். கச்சிதமாக இருக்கும். துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தை ஸ்டாக்கில் (தோளில் பதியும் பின்கட்டை) சாய்த்ததும் கதை மாறிவிடும். மஃப் கிண்ணத்தின் கீழ் விளிம்பு ஸ்டாக்கில் இடிக்கும். இடித்ததும் கிண்ணம் மேலே தள்ளப்பட்டு, காது மடலுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால், ஒரு மெல்லிய பிளவு திறக்கும். கண்ணுக்குத் தெரியாது. சுடும்போது உதைப்பில் அது இன்னும் கொஞ்சம் நகரும். பெட்டியில் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் இந்தப் பிளவு இருக்கும் வரை பிரயோஜனமில்லை.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்வது இது. மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, தோட்டா எதுவும் இல்லாத அறையில், மின்விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். மஃப் மட்டும் போட்டு, பிளக் இல்லாமல், துப்பாக்கியைப் பாதுகாப்பான பக்கம் நீட்டி மெதுவாகக் கன்னத்தை இறக்குங்கள். விசிறியின் 'ஹூம்' சத்தம் கன்னம் தொடும் நொடியில் கூடுகிறதா என்று கேளுங்கள். கூடினால் மஃப் திறக்கிறது. பிளவு வழியாக முதலில் நுழைவது அடித்தொனிச் சத்தம்தான், அதனால் கீச்சுச் சத்தத்தைவிட விசிறி நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

சரிசெய்யும் வழிகள், நான் முயலும் வரிசையில்:

தலைப்பட்டையை உச்சந்தலையிலிருந்து கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தால் கிண்ணங்களின் கீழ்ப்பாகம் பின்னால் சாயும். பலருக்கு இதுவே போதும். அடுத்து, ஸ்டாக்கின் கன்னப்பகுதி ஏற்றி இறக்கும் வகை என்றால் சற்று உயர்த்துங்கள். தலை நிமிரும், இடிப்பது குறையும். ஸ்கோப்புக்குக் கண் நேராக வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கும் சரிப்படவில்லை என்றால் கீழ் விளிம்பு சீவினாற்போல் இருக்கும் மெல்லிய மஃப்பை வாங்குங்கள். மெல்லிய மஃப்பின் எண் குறைவாகத்தான் இருக்கும். பரவாயில்லை, கீழே பிளக் இருக்கிறதே. திறந்துகொள்ளும் 30-ஐவிட மூடியிருக்கும் 22 மேல் என்பது என் கட்சி.

படுத்துச் சுடும்போது கழுத்தை அண்ணாந்து வைப்பதால் வேறு கோணம் வரும். நின்று சோதித்தால் போதாது, எந்த நிலையில் சுடுவீர்களோ அந்த நிலையில் சோதியுங்கள்.

அடுத்தது கண்ணாடி. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடக் கூடாது, போட்டால் அதன் காம்பு மஃப் குஷனுக்கு அடியில் போகும். தடித்த பிளாஸ்டிக் காம்பு என்றால் இரு பக்கமும் இடைவெளிதான். தட்டையான மெல்லிய காம்புள்ள கண்ணாடி வாங்குங்கள், அல்லது மஃப்பின் ஃபோம் குஷனை ஜெல் குஷனாக மாற்றுங்கள். ஜெல், காம்பைச் சுற்றி அமுங்கிக்கொள்ளும்.

இவ்வளவு நேரம் ஸ்டாக் பக்கக் காதையே பேசினோம். ஆனால் வலது கைக்காரர்களுக்கு அதிகம் அடிவாங்குவது இடது காது. வலது காது தோளோடு ஒட்டி, தலையின் மறைவில் இருக்கிறது. இடது காது குழல் முனையைப் பார்த்தபடி இருக்கிறது. இடது கைக்காரர்களுக்கு இது அப்படியே மாறும். இரண்டு பக்கமும் சோதியுங்கள்.

படி 5: எலக்ட்ரானிக் மஃப் வேண்டுமா?

வெளியே மைக், உள்ளே ஸ்பீக்கர். பேச்சு கேட்கும், வெடிச் சத்தம் வந்தால் பெருக்குவதை நிறுத்தும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது மிகவும் உதவும். ரேஞ்ச் ஆபீசர் "நிறுத்து" என்று கத்துவது காதில் விழ வேண்டும், கோச் சொல்வதைக் கேட்க மஃப்பைத் தூக்கும் பழக்கமும் வராது. தூக்கிய நேரத்தில்தான் பக்கத்து லேனில் சுடுவார்கள்.

மலிவான சிலவற்றில் ஒவ்வொரு வெடிக்கும் ஒலி முழுக்க அறுந்து, பிறகு திரும்பும். வரிசையில் நான்கு பேர் சுட்டால் பேச்சு துண்டு துண்டாகத்தான் கேட்கும். சத்தத்தை அறுக்காமல் அமுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட் மெல்லியது, ஸ்டாக்கில் அதிகம் இடிக்காது. என்ஆர்ஆர் 22 என்பதால், சென்டர்ஃபயர் சுடும்போது மஃப்புக்கு அடியில் பிளக் கட்டாயம். பிளக் போட்டால் பேச்சு கேட்குமா என்றால், ஒலியளவைக் கூட்டினால் கேட்கும். பேட்டரி தீர்ந்தாலும் அது சாதாரண மஃப்பாகக் காதை மூடிக்கொண்டுதான் இருக்கும்.

போட்டிக்குப் போகிறவர்கள் கவனிக்க: சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி வீரர்கள் ஒலியைக் குறைக்கும் சாதனம் மட்டுமே போடலாம், ஒலியை வாங்கித் தரும் எலக்ட்ரானிக் வகை கூடாது. பயிற்சியிலேயே சாதாரண மஃப்புக்குப் பழகிவிடுங்கள்.

கருத்துகளைப் பார்த்தபின் சேர்த்தவை

தொப்பி: மஃப்பைத் தொப்பித் துணியின் மேல் மாட்டினால் காதோரம் பிளவுதான். தொப்பியைக் காதுக்கு மேலே ஏற்றிவிட்டு, குஷன் தோலில் உட்காரும்படி போடுங்கள். நீளமுடி, பெரிய கம்மல், ஜிமிக்கி எல்லாவற்றுக்கும் இதே கதை. ஜிமிக்கியைக் கழற்றிவிடுங்கள்.

சப்ரசர் (குழல் முனையில் மாட்டும் சத்தக் குறைப்பான்) இருந்தால் எதுவும் வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டும். சப்ரசர் குழல் முனைச் சத்தத்தைத்தான் குறைக்கும். ஒலி வேகத்தைத் தாண்டிப் பறக்கும் தோட்டா காற்றைக் கிழிக்கும் சத்தம் அப்படியே இருக்கும்.

குஷன் கடினமாகிவிட்டாலோ வெடிப்பு விட்டாலோ மாற்றுங்கள். பல மாடல்களுக்குக் குஷன் தனியாகவே கிடைக்கும், மஃப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வெயிலில் காரின் முன்கண்ணாடி அடியில் வைத்தால் சீக்கிரமே இறுகும்.

காதில் சீழ், ஓட்டை, அடைத்த குரும்பி இருக்கிறவர்கள் பிளக் போடும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சுட்டு முடித்த பிறகு காதில் 'ஙொய்' என்று கேட்டுக்கொண்டே இருந்தாலோ, ஒரு காது அடைத்தது போல் மந்தமாக இருந்தாலோ அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்; மறுநாளும் அப்படியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஒரு காதில் சட்டென்று கேட்காமல் போனால் மறுநாள் வரைகூடப் பார்க்க வேண்டாம், அன்றே போங்கள்.