காரின் இரும்பு ரிம்மில் துரு ஏறாமல் பெயின்ட் அடிப்பது எப்படி?

தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற ஊர்களில் காரின் பாடி நன்றாக இருக்கும்போதே ரிம் துருப்பிடித்துவிடும். கல் தெறித்து ஒரு பொட்டு பெயின்ட் உரிந்தால் போதும், துரு அங்கிருந்து பெயின்டுக்கு அடியிலேயே பரவும். டியூப்லெஸ் டயர் உட்காரும் விளிம்பு வரை துரு போய்விட்டால் காற்று மெல்லக் கசியத் தொடங்கும். பஞ்சர் கடையில் தேடினாலும் டயரில் ஆணி எதுவும் இருக்காது.

முதலில் ஸ்டெப்னியில் தொடங்குங்கள். கையும் பழகும், வண்டியும் முடங்காது. அது முடிந்ததும் அதை மாட்டிவிட்டு அடுத்த ரிம்மைக் கழற்றலாம். சில கார்களில் ஸ்டெப்னி சின்ன அளவில் இருக்கும். அப்படியென்றால் அதில் வேகமாகவோ வெகுதூரமோ ஓட்ட வேண்டாம்.

1. கழற்றுதல்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி வையுங்கள். டயரைப் பஞ்சர் கடையில் கழற்றி வாங்குங்கள். டயரோடு டேப் ஒட்டி அடிப்பவர்களும் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காப்பாற்ற வேண்டிய விளிம்பே டயருக்குள் ஒளிந்திருக்கும். பேலன்சிங் வெயிட்டுகளையும் (சக்கரம் ஆடாமல் சுற்ற ரிம்மில் பொருத்தும் சின்ன எடைத் துண்டுகள்) எடுத்துவிடுங்கள். விளிம்பில் கவ்வியிருந்த வெயிட்டுக்கு அடியில் பெரும்பாலும் செதில் செதிலாகத் துரு இருக்கும்.

2. துருவைச் சுரண்டுதல்

பெயின்ட் எத்தனை வருடம் நிற்கும் என்பது இங்கேதான் முடிவாகிறது. அவசரப்படாதீர்கள். கண்ணாடி, கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் கழுவி, வயர் பிரஷால் தேயுங்கள். 80 நம்பர் உப்புத்தாளில் இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, பிறகு 180, 320 என்று போங்கள். பழைய பெயின்ட் முடியும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். படி மாதிரி தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும்.

தேய்த்த பிறகு நல்ல தண்ணீரில் மறுபடியும் அலச வேண்டும். குழிகளில் தங்கிய உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பெயின்டுக்கு அடியில் துருவை வளர்க்கும். வெயிலில் நன்றாகக் காயவிட்டு, தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்டால் பெயின்ட் ஒட்டாது.

துரு ஆழமாக அரித்திருந்தாலோ கீறல் விட்டிருந்தாலோ அந்த ரிம்மை மாற்றிவிடுங்கள். பெயின்ட் அதற்குப் பலம் தராது.

3. பிரைமர்

தேய்த்த அன்றே எபாக்சி பிரைமர் (கலருக்கு அடியில் போகும் அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள். கடலோரக் காற்றில் வெறும் இரும்பு ஒரே ராத்திரியில் பழுப்பேறிவிடும். ஓட்டைகளின் ஓரம், நடுத்தட்டும் வளையமும் சேர்ந்த வெல்டிங் இடுக்கு, பின்பக்கம், இவற்றுக்கு முதலில் அடியுங்கள். துரு திரும்பக் கிளம்புவது இங்கிருந்துதான். மெல்லிசாக இரண்டு கோட் போதும்.

நட் உட்காரும் குழிகளையும், ஹப்பில் (வண்டியில் சக்கரம் மாட்டும் பகுதி) ஒட்டும் பின்பக்கத் தட்டையும் டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். அங்கே பெயின்ட் தடிப்பாக இருந்தால், ஓட ஓட அது நசுங்கி நட் தளரும். டயர் உட்காரும் விளிம்பிலும் தடிப்பு கூடாது.

4. கலர்

எபாக்சி வெயிலில் வெளுத்து மாவாகும், அதனால் மேலே கலர் கோட் அவசியம். பழகாதவர்களுக்கு ஸ்ப்ரே டப்பாவே நல்லது. 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் கையை நிறுத்தாமல் ஓட்டி, 10 நிமிட இடைவெளியில் மூன்று கோட், கடைசியில் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு). டப்பாவில் வேறு இடைவெளி போட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள். பனி காய்ந்த பிறகு, காலை வெயிலில் காற்றோட்டமான இடத்தில் அடிப்பது உத்தமம். ஹார்டனர் (பெயின்டை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் பி.யு. (பாலியூரிதேன்) பெயின்ட் இன்னும் உறுதியானது, ஆனால் அதன் புகை நுரையீரலுக்கு ஆபத்து. துணி மாஸ்க் அதற்குப் போதாது. பெயின்ட் அடிக்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கையில் காசு இருந்தால் பவுடர் கோட்டிங்கும் போடலாம். மணல் வீசித் துருவை எடுத்து, 180 முதல் 200 டிகிரி சூட்டில் சுடுவார்கள். நட் குழிகளை மறைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

5. மாட்டுதல்

இரண்டு மூன்று நாள் காயவிட்டு, மெஷினில் டயர் ஏற்றும் கடையில் கொடுங்கள். கடப்பாரை போட்டு நெம்பினால் புது பெயின்ட் போய்விடும். பேலன்சிங் கட்டாயம். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். வண்டி கழுவும்போது ரிம்மின் பின்பக்கமும் தண்ணீர் அடியுங்கள். கல் தெறித்த பொட்டு தெரிந்தால் தள்ளிப்போடாமல் தேய்த்து, பிரைமரும் கலரும் தொட்டு வைத்துவிடுங்கள்.