பூட்டிய போனில் வரும் செய்தியைப் பிறர் படிக்காமல் வைப்பது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில், கட்டிங் மேசையோரம் இருக்கும் ஒரே பிளக் பாயிண்டில் நான்கைந்து பேருடைய போன்கள் சேர்ந்து சார்ஜில் கிடப்பது வழக்கம். சனிக்கிழமை சம்பளம் கணக்கில் ஏறியதும் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வருகிறது. வந்த தொகை, கணக்கில் உள்ள மீதி எல்லாம் பூட்டிய திரையிலேயே ஒளிர்கின்றன. ஓடிபி எண்ணும், பரிசோதனைக் கூடத்து முடிவும், மகளுக்குப் பார்த்திருக்கும் வரனைப் பற்றிய வாட்ஸ்அப் செய்தியும் அப்படியே. பேட்டர்ன் போட்டிருக்கிறோமே என்ற நம்பிக்கை இங்கே உதவாது. பூட்டைத் திறக்காமலே படிக்கக் கிடைக்கும்படிதான் நோட்டிபிகேஷன் திரையில் வந்து நிற்கிறது. என் போனிலும் வீட்டிலுள்ள மற்ற போன்களிலும் இதைச் சரிசெய்த முறையை இங்கே எழுதுகிறேன்.

பூட்டுத் திரையில் நோட்டிபிகேஷனே வராதபடி முழுவதும் நிறுத்திவிடும்படி பலர் சொல்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜாப் ஒர்க் எடுத்து நடத்துபவருக்கோ, ஈரோட்டில் மஞ்சள் விலைக்காகக் காத்திருப்பவருக்கோ, செய்தி வந்திருப்பதே தெரியாமல் போனால் அதுவும் நட்டம்தான். எந்தச் செயலியிலிருந்து செய்தி வந்தது என்பது தெரிய வேண்டும், உள்ளே இருப்பது மட்டும் மறைய வேண்டும். நாம் செய்யப்போவது அதுதான்.

ஆண்ட்ராய்டு

செட்டிங்ஸைத் திறந்து, மேலே உள்ள தேடும் கட்டத்தில் 'லாக் ஸ்கிரீன்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் இதை வேறு வேறு இடத்தில் வைத்திருப்பதால், மெனு மெனுவாகத் தேடுவதைவிட இதுவே விரைவான வழி. பூட்டுத் திரை நோட்டிபிகேஷன் என்ற பொருளில் வரும் வரியைத் தொட்டால், பெரும்பாலும் மூன்று தேர்வுகள் கிடைக்கும்: எல்லாவற்றையும் காட்டு, பூட்டைத் திறந்த பிறகே உள்ளடக்கத்தைக் காட்டு, எதையும் காட்டாதே. நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். சில போன்களில் இதற்குப் பதிலாக 'சென்சிடிவ் நோட்டிபிகேஷன்ஸ்' என்ற ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைக்க வேண்டும். சாம்சங்கில் 'ஹைட் கன்டென்ட்' என்ற பெயரில் பார்க்கலாம். அந்தத் தேர்வே கண்ணில் படவில்லை என்றால், உங்கள் போன் வெறும் ஸ்வைப் மூலம் திறக்கும் நிலையில் இருக்கக்கூடும். பின் எண், பேட்டர்ன், பாஸ்வேர்டு இவற்றில் ஒன்றை வைத்த பிறகே அது தோன்றும்.

அடுத்து, சரியாக அமைந்ததா என்று சோதித்துப் பாருங்கள். பவர் பட்டனை அழுத்திப் பூட்டிவிட்டு, வீட்டில் ஒருவரை ஒரு எஸ்எம்எஸ்ஸும் ஒரு வாட்ஸ்அப் செய்தியும் அனுப்பச் சொல்லுங்கள். திரை தானாக அணையும்வரை காத்திருந்து சோதித்தால் முடிவு தவறாகத் தெரியலாம். பல போன்களில் திரை அணைந்து சில விநாடிகள் கழித்துத்தான் பூட்டு விழும்.

என்னை அதிக நேரம் இழுத்தடித்தது இந்தச் சோதனைதான். அமைப்பு சரியாக இருந்தும் சில வேளைகளில் முழுச் செய்தியும் தெரிந்தது, சில வேளைகளில் மறைந்தது. காரணம் 'எக்ஸ்டென்ட் அன்லாக்' என்ற வசதி. முன்பு இதன் பெயர் 'ஸ்மார்ட் லாக்'. நம்பகமான இடம், நம்பகமான புளூடூத் கருவி, போன் கையிலோ பையிலோ உடலோடு ஒட்டியிருக்கும் நிலை ஆகியவற்றைக் கொண்டு, ஒருமுறை திறந்த போனை நான்கு மணி நேரம் வரைகூட அது பூட்டாமல் வைத்திருக்கும். பூட்டே விழாதபோது மறைப்பதற்கு எதுவும் இல்லை என்று போன் எடுத்துக்கொள்கிறது. என் கழுத்தில் தொங்கும் ஹெட்செட் அந்தப் பட்டியலில் இருந்தது. ஹெட்செட்டோடு நான் மெஷின் பக்கம் நிற்க, சில அடி தள்ளி பிளக் பாயிண்டில் கிடக்கும் போன், புளூடூத் எட்டும் தூரத்தில் இருப்பதால், யார் தொட்டாலும் திறந்துகொள்ளும் நிலையில் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். செட்டிங்ஸில் அந்தப் பெயரைத் தேடி, புளூடூத் கருவிகளையும் கடை, கம்பெனி போன்ற இடங்களையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். உடலோடு ஒட்டியிருக்கும் நிலையையும் அணைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் மட்டும் கூடுதல் காப்பு வேண்டுமென்றால், அதன் செட்டிங்ஸில் பிரைவசி, ஆப் லாக் என்று சென்று விரல்ரேகைப் பூட்டைப் போட்டு, அங்கேயே நோட்டிபிகேஷனில் உள்ளடக்கத்தைக் காட்டும் சுவிட்சை அணைக்கலாம்.

ஐபோன்

இங்கே வேலை குறைவு. செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ், 'ஷோ பிரிவியூஸ்' என்று சென்று 'வென் அன்லாக்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முகத்தைக் கண்டு திறக்கும் ஐபோன்களில் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் இருக்கும்; நீங்கள் பார்த்தால் செய்தி விரியும், மற்றவர் பார்த்தால் விரியாது. பாஸ்கோடு பகுதியில், பூட்டியிருக்கும்போது அனுமதிப்பவை என்ற பட்டியலில், செய்திக்குப் பதில் அனுப்பும் வசதியையும் அணைத்துவிடுங்கள். 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 முதல், ஒரு செயலியின் ஐகானை அழுத்திப் பிடித்து அதற்குத் தனிப் பூட்டுப் போடலாம். அதன் உள்ளடக்கம் நோட்டிபிகேஷனிலும் தெரியாது.

பிளே ஸ்டோர் செயலிகள் வேண்டாம்

நோட்டிபிகேஷனை மறைத்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளை நிறுவாதீர்கள் என்று அழுத்தமாகவே கேட்டுக்கொள்கிறேன். அந்த வேலையைச் செய்ய அவை உங்கள் எல்லா நோட்டிபிகேஷன்களையும் படிக்கும் அனுமதியைக் கேட்கின்றன. பக்கத்தில் நிற்பவர் படிக்கக் கூடாது என்று மறைக்கும் ஓடிபியை, எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவர் படிக்கும்படி திறந்து கொடுப்பதற்கு இது சமம். ஏற்கெனவே எவற்றுக்கெல்லாம் இந்த அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்பதை செட்டிங்ஸில் 'நோட்டிபிகேஷன் அக்சஸ்' என்று தேடிப் பார்த்து, தேவையற்றவற்றை நீக்குங்கள்.

பின்னர் சேர்த்தது

பல்லடத்தில் தறி ஓட்டும் பெரியவர் ஒருவர், "ஏனுங்க தம்பி, போன்ல மறைச்சாச்சு, கையில கட்டுன வாட்ச்சுல எல்லாமே தெரியுதுங்களே?" என்று கேட்டிருந்தார். சரியான கேள்வி. போனுக்கு வருவதை ஸ்மார்ட் வாட்ச் தன் திரையில் தனியாகக் காட்டுகிறது. போனில் செய்த அமைப்பு பல வாட்ச்களைக் கட்டுப்படுத்துவதில்லை. வாட்ச்சுக்கான செயலியைத் திறந்து, எஸ்எம்எஸ்ஸையும் வங்கிச் செயலிகளையும் அதன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கோபியிலிருந்து ஒரு அக்கா, தொலைந்த போனைப் பற்றிக் கேட்டிருந்தார். திரையில் ஓடிபி தெரியாவிட்டாலும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வந்துவிடும். அதற்குத் தடை சிம் பின், அதாவது சிம்முக்கே போடும் பூட்டு எண். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'சிம் லாக்' என்று தேடினால் கிடைக்கும். ஐபோனில் மொபைல் டேட்டா பகுதியில் 'சிம் பின்' என்று இருக்கும். இதைப் போட்டபின், போனை அணைத்துப் போடும்போதும் சிம்மை மாற்றிப் போடும்போதும் அந்த எண்ணைக் கேட்கும். இதை இயக்கும்போது முதலில் கேட்பது சிம்மில் ஏற்கெனவே உள்ள பின் எண். அதை ஊகித்துப் போடாமல், உங்கள் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அந்தப் பூட்டைத் திறக்கும் பியூகே (PUK) எண்ணைக் கேட்கும். அதுவும் பத்து முறை தவறினால் அந்த சிம் பயன்படாமல் போய்விடும், கடைக்குச் சென்று புது சிம்தான் வாங்க வேண்டும்.