யாழினியா, நறுமுகையா? குழந்தைக்குப் பெயர் தேர்ந்தெடுப்பது எப்படி

பெயர் வைக்க உட்கார்ந்தால் வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிடும். "ஊரில் யாருக்கும் இல்லாத பேரா இருக்கணும்" என்பது ஒரு கட்சி. "வாயில நுழையிற மாதிரி வைங்கப்பா" என்பது இன்னொன்று. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. பெயர் அபூர்வமாக இருக்கலாம், ஆனால் அந்த அபூர்வம் பொருளில் இருக்கட்டும், எழுத்துக்கூட்டலில் வேண்டாம். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சோதிக்கத்தான்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு நோட்டு, அப்பா அம்மா இருவரின் ஆதார், பாஸ்போர்ட்டில் உள்ளபடியான பெயர், ஜாதகம் பார்க்கும் குடும்பம் என்றால் நட்சத்திரமும் பாதமும்.

படி 1: அவசரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

21 நாளுக்குள் பதிய வேண்டியது பிறப்பைத்தான், பெயரை அல்ல. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பெயரைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆகவே பிரசவமான மறுநாள் ஆஸ்பத்திரியில் பாரத்தை நீட்டியதும் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிடாதீர்கள். பெயர்க் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள்.

அதற்காக வருடக்கணக்கில் இழுக்கவும் வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என்று பலவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். ஒருமுறை பதிந்த பெயரை வேறு பெயராக மாற்றுவதும் லேசில் நடக்காது. தொட்டிலில் போடும் நாளில் பெயரை முடிவு செய்து, பத்து நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பதிவது நல்ல கணக்கு.

படி 2: பத்துப் பெயர் எழுதுங்கள், எவ்வளவு புழக்கம் என்று பாருங்கள்

அம்மா ஐந்து, அப்பா ஐந்து, தனித்தனியாக. பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே "நிறைய", "கொஞ்சம்", "அபூர்வம்" என்று குறியுங்கள். இணையத்தில் கிடைக்கும் பெயர்ப் பட்டியலை வைத்துக் குறிக்காதீர்கள். உங்கள் பகுதி அங்கன்வாடியிலோ எல்.கே.ஜி.யிலோ பாடம் நடத்தும் டீச்சரிடம் கேளுங்கள். உங்கள் குழந்தையோடு பெஞ்சில் உட்காரப்போவது அந்தத் தெருப் பிள்ளைகள்தான், மாநிலம் முழுவதும் அல்ல.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தர்ஷினி, ஹர்ஷினி, வர்ஷினி, பிரியதர்ஷினி என்று தனித்தனியாக எழுதினால் நான்கும் வேறு வேறு பெயர். வகுப்பின் பின்வரிசைக்குப் போய்ச் சேருவது "ஷினி" மட்டும். நான்கு தலை திரும்பும். ஒரு காலத்தில் எஸ். கார்த்திக், எம். கார்த்திக், ஆர். கார்த்திக் என்று இனிஷியலால் பிரித்தார்கள். இந்த "ஷினி"களைப் பிரிக்க அந்த வழியும் கிடையாது. ஏனென்றால் பெயர் என்னவோ வேறுதான்! எனவே முழுப் பெயரை மட்டும் பார்க்காமல், கடைசி இரண்டு எழுத்தின் ஓசை எத்தனை பேருக்கு இருக்கிறது என்றும் டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நிறைய" என்று விழுந்ததாலேயே ஒரு பெயரை அடித்துவிட வேண்டியதில்லை. புழக்கத்தில் உள்ள பெயரை எந்த அலுவலகத்திலும் தப்பாக எழுத மாட்டார்கள். இணையத்தில் தேடினால் ஆயிரம் பேருக்கு நடுவில் உங்கள் பிள்ளை மறைந்து நிற்கும். அதுவும் ஒரு பாதுகாப்புதான்.

படி 3: நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கு மட்டும்

ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எழுத்து சொல்வார்கள். மகத்துக்கு ம, மி, மு, மே; அனுஷத்துக்கு ந, நி, நு, நே. இவை சுலபம். ஆயில்யம் வந்தால்தான் சிக்கல்: டி, டு, டே, டோ. தமிழில் டகரத்தில் தொடங்கும் சொல்லே கிடையாது. அதனால் எங்கிருந்தோ ஒரு பெயரைப் பிடித்து ஒட்டவைக்கிறார்கள், அதற்குப் பொருளும் இருக்காது. அஸ்தத்தின் பூ, ஷ, ண, ட வரிசையில் "பூ" ஒன்றே கைகொடுக்கும். பூங்குழலி, பூவிழி என்று போகலாம். மற்றப் பாதங்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. எழுத்துக்கு ஏற்ற பெயரைத் தொட்டிலிடும் அன்று குழந்தையின் காதில் சொல்லுங்கள். சான்றிதழில் நீங்கள் விரும்பிய பெயரை எழுதுங்கள். பல குடும்பங்களில் நடப்பது இதுதான். தாத்தா மனமும் கோணாது, பள்ளியில் பிள்ளையும் திணறாது.

படி 4: பொருளை அகராதியில் பாருங்கள்

பட்டியலில் போட்டிருக்கும் பொருளை நம்பாதீர்கள். "ஆரவ்" என்ற பெயருக்குப் பல இடங்களில் "அமைதியானவன்" என்று போட்டிருக்கும். ஆரவம் என்றால் ஒலி, இரைச்சல். நாம் சொல்லும் ஆரவாரத்துக்குப் பக்கத்து வீடு. பெயருக்கேற்ற பிள்ளையாக அமைந்தால் ராத்திரி யாருக்கும் தூக்கம் இருக்காது.

சங்கப் பெயர் வேண்டும் என்பவர்கள் பெயரோடு வரும் கதையையும் பாருங்கள். பாரி, அதியன் என்றால் கொடை நினைவுக்கு வரும். நன்னன் என்ற பெயரும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருள்ள ஓர் அரசன், ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றாள் என்பதற்காக ஒரு பெண்ணைக் கொன்றவன். அவள் எடைக்குப் பொன்பாவையும் எண்பத்தொரு யானையும் தருவதாகச் சொல்லியும் அவன் கேட்கவில்லை. குறுந்தொகையின் 292ஆம் பாட்டில் பரணர் அவனைப் பெண்கொலை புரிந்தவன் என்றே பதிந்துவைத்துவிட்டார். ஆதிரை என்ற பெயருக்கு நேர்மாறான கதை. மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் அவள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசமாகவே தேடக் கிடைக்கிறது. ஒரு பெயருக்கு இரண்டு நிமிடம் போதும்.

படி 5: போன் சோதனை

பத்தில் மிஞ்சிய மூன்று நான்கு பெயர்களை எடுத்துக்கொண்டு மூன்று பேருக்குப் போன் போடுங்கள்: ஊரில் இருக்கும் ஒரு பாட்டி, ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, தமிழ் தெரியாத ஒரு நண்பர். பெயரை ஒரே தடவை சொல்லுங்கள். பாட்டி திருப்பிச் சொல்லட்டும். பிள்ளை தமிழிலும் நண்பர் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பட்டும். எழுத்துக் கூட்டிச் சொல்லக் கூடாது.

என்ன தப்பு வருகிறது என்று பாருங்கள். யாழினி, யாளினியாகவோ யாலினியாகவோ வரும். ழ, ள, ல மூன்றில் ஏதாவது இருந்தால் ஒரு தடுமாற்றத்துக்கு இடம் கொடுங்கள். ஒரே பெயரில் இரண்டு இடத்தில் தடுமாறினால் யோசியுங்கள். பாரி தமிழில் நெடில், ஆங்கிலத்தில் அந்த நெடில் காணாமல் போகும். இந்திக்காரர் அதை "பரி" என்று படித்தால் தேவதை என்று பொருள், அங்கே அது பெண் பெயர். கவின் வெளிநாட்டில் கெவின் ஆகிவிடுவான். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் நாம் போடும் இசட்-எச், தமிழ்நாட்டு எல்லை தாண்டினால் வெறும் "ஸ" ஆகிவிடும்.

இனியா, நிலவன், முகில், வெண்பா போன்றவை இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடும். வகுப்பில் இன்னொரு வெண்பா இருக்கும் வாய்ப்புக் குறைவு, ஆனால் எழுதத் தெரியாதவரும் இல்லை. நாம் தேடுவது இந்த ரகத்தைத்தான். நறுமுகை கொஞ்சம் நீளம், ஆனால் "முகை" என்று அழகாகச் சுருங்கும். சுருக்கினால் எப்படி ஆகும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். நீங்கள் சுருக்காவிட்டால் கூடப் படிக்கும் பிள்ளைகள் சுருக்குவார்கள்.

படி 6: இனிஷியலோடு சேர்த்துப் படியுங்கள்

தமிழ் எழுத்தில் எழுதிச் சத்தமாகப் படியுங்கள். சு. மதி சுமதி ஆகிவிடுவாள், அதில் குற்றமில்லை. கு. ரங்கன் பாடுதான் திண்டாட்டம். அ என்பது இனிஷியல் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். தமிழில் அ முன்னால் வந்தால் பல சொற்களுக்குப் பொருளே எதிராகிவிடும். அ. நீதி என்று எழுதிப் பார்த்தால் புரியும். அம்மா பெயரின் முதலெழுத்தையும் சேர்ப்பதாக இருந்தால் இரண்டு வரிசையிலும் எழுதிப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். பெயரை ஒரு கட்டத்தில் மட்டும் எழுதி மற்றதைக் காலியாக விட்டால் பிறகு இடிக்கும். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தியது. அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடும் வழக்கம் நமக்கு இருப்பதால், குழந்தையின் பெயரையும் அப்பாவின் பெயரையும் அடுத்தடுத்து ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். இரண்டும் நீளமாக இருந்தால் பாரத்தின் கட்டங்கள் போதாது.

படி 7: ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவு செய்து பூட்டிவிடுங்கள்

கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பெயர் சாதாரணமாகத்தான் இருக்கும். எண் கணிதக்காரர் ஓர் "எச்"சும் கூடுதலாக ஓர் "ஏ"யும் சேர்த்துக் கொடுப்பார். சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பள்ளியில் டீச்சர் தன் வழக்கப்படி மூன்றாவது விதம். ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு தடவைதான் வாய்ப்பு. பிடிவாதமாகப் பெயரே மாற வேண்டும் என்றால் அரசிதழ் வரை போக வேண்டும். கூட்டுத்தொகை பார்க்கத்தான் வேண்டும் என்றால், இயல்பான எழுத்துக்கூட்டலிலேயே தேறுகிற வேறு பெயரைத் தேடுங்கள். எழுத்தைச் செருகாதீர்கள்.

தமிழ்ச்செல்வன், தமிழ்ச்செல்வி போன்ற பெயர்களில் இன்னொரு பொறி உண்டு. தமிழில் நடுவே "ச்" வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லா, இடைவெளி விட்ட இரண்டு சொல்லா? இடைவெளி விட்டால் ஏதோ ஓர் அலுவலகம் "செல்வன்" என்பதை அப்பா பெயராக எடுத்துக்கொள்ளும். சேர்த்தே எழுதுங்கள்.

முடிவானதைத் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் ஒரு தாளில் எழுதி, படம் எடுத்து, வீட்டில் எல்லோர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். எந்தப் பாரத்தை யார் நிரப்பினாலும் அதைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும்.

படி 8: பத்து நாள் கூப்பிட்டுப் பாருங்கள்

கொஞ்சும்போது எல்லாப் பெயரும் இனிக்கும். வாசலில் நின்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி ஒரு தடவை கத்துங்கள். கோபத்தில் அதட்டுவது போலவும் சொல்லிப் பாருங்கள். தாத்தா பெயரை வைப்பதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். மாமனார் பெயரைச் சொல்லி மருமகள் பிள்ளையைத் திட்ட முடியாத வீடுகள் இன்றும் இருக்கின்றன. அங்கே "தம்பி", "சாமி" என்று கூப்பிட்டு, கடைசியில் வைத்த பெயர் பள்ளி வருகைப் பதிவேட்டில் மட்டும் வாழும். அப்படி ஆகும் என்று தெரிந்தால் கூப்பிடும் பெயரையும் இப்போதே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மனுக் கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய் விரிக்காதீர்கள். அங்கேயே நின்று, போனில் உள்ள படத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ணகரத்துக்கு மூன்று சுழியா, னகரத்துக்கு இரண்டு சுழியா, ஒற்றுக்குப் புள்ளி விழுந்திருக்கிறதா, அப்பா அம்மா பெயர் அவரவர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.